ஒதுக்கி வைத்த பாட்டில்

14-11-1959, புத்தூர்

பென்ஷன் காகிதத்துக்காகச் சித்தூர் போய் வந்தேன். பஸ் முழுக்க எல்லைப் பேச்சு. எந்த ஊர் மதராஸோடு போகும், எது ஆந்திராவில் நிற்கும் என்று ஆளாளுக்குக் காற்றில் கோடு கிழித்தார்கள். மாப்பிள்ளை கோவர்த்தனன் இருந்திருந்தால் எழுந்து நின்று பிரசங்கமே செய்திருப்பார். எல்லைக் கமிட்டியில் அவருக்கு நல்ல பெயர். கமிட்டி வேலை என்று மாதத்தில் பாதி நாள் மதராஸில்தான் இருப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் பெண் யசோதா புளியோதரை கேட்டாள். வாய் கேட்பது நல்லதுதான். ஐந்தாம் மாதம். "இந்த வாட்டி தாய் வீட்லயே இருக்கட்டும்" என்று சம்பந்தி கமலம்மாவே பள்ளிப்பட்டிலிருந்து அனுப்பி வைத்தாள். அனுப்புமுன் ஒரு மண்டலம் நாகர் கல்லுக்குப் பால் ஊற்ற வைத்தாளாம். தோஷம் என் பெண்ணுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

முதலாவது ஆறாம் மாதத்தில் போயிற்று. இரண்டாவது நிறைமாதம், உயிரில்லாமல் வந்தது. மூன்றாவது பையன். பத்து நாள் இருந்தான். மூக்கடைத்த மாதிரியே அழுவான். உள்ளங்காலில் தோல் உரிந்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் செவ்வாப்பு என்றாள் மருத்துவச்சி. நாங்களும் செவ்வாப்பு என்றோம்.

இது தங்கட்டும்.

18-11-1959

குழந்தை அசைவது தெரிகிறதாம். என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

23-11-1959, திருப்பதி, ஆஸ்பத்திரி

போய்விட்டது.

நேற்று விடியும் முன்பே ரத்தம் போக ஆரம்பித்தது. என் தம்பி சின்னசாமி யாருடைய காரையோ பிடித்துக்கொண்டு வந்தான். இங்கே வந்து சேர்வதற்குள் யசோதாவின் உதடு சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பிள்ளை இல்லை. அவளைப் பிழைக்க வைத்தது இரண்டு பாட்டில் ரத்தம். யாருடையதோ. எந்த ஊரோ.

டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். "இருப்பிலிருந்து ரெண்டு பாட்டில் எடுத்திருக்கோம். உங்க மனுஷங்க ரெண்டு பேர் திருப்பிக் கொடுக்கணும். எந்த வகை ரத்தமானாலும் சரி, வேற யாருக்காவது ஆகும்," என்றார். சின்னசாமி அங்கேயே கையை நீட்டிவிட்டான். எனக்கு வயசாகிவிட்டது, வேண்டாம் என்றார்கள். மாப்பிள்ளைக்குத் தந்தி போயிருக்கிறது.

24-11-1959

யசோதா தூங்கும்போது ரத்த பாங்கி வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே வேலை பார்க்கும் நாகபூஷணம் தெலுங்குக்காரர். தமிழும் நன்றாகப் பேசுகிறார். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் என்று தெரிந்ததும், "வெளியே எதுக்கு பந்துலம்மா, உள்ளே வந்து பாருங்க," என்று கூப்பிட்டார்.

பாலை நினைத்துக்கொண்டால் எளிதில் புரிகிறது. பால் திரியாமல் காப்பது போல ரத்தம் உறையாமல் காக்க வேண்டும். அதற்காகப் பாட்டிலுக்குள் முன்கூட்டியே ஒரு மருந்துத் தண்ணீர் இருக்கிறது. ரத்தம் விழ விழப் பாட்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு குளிர்ப்பெட்டி. சூடேறவும் கூடாது, ஐஸாகவும் கூடாது. ஐஸானால் அணுக்கள் உடைந்து பாழ். கரண்டு போனால் பனிக்கட்டி வாங்கி அடுக்குவார்களாம். மூன்று வாரம் வரை வைக்கலாம். நிற்க வைத்த பாட்டிலில் சிவப்பு அடியில் தங்கி, மேலே நல்லெண்ணெய் போல மஞ்சளாகத் தெளிந்து நிற்கிறது. அந்த மஞ்சள் சிவந்தால் கெட்டது என்று அர்த்தம்.

ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு சின்னக் குழாயிலும் கொஞ்சம் பிடித்து வைக்கிறார்கள். சோதனையெல்லாம் அதில்தான். முதலில் வகை. அப்புறம் நோய் இருக்கிறதா என்று. அப்புறம், நோயாளிக்கு ஏற்றும் முன், இவர் ரத்தத்தையும் அவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது. ஒத்துக்கொள்ளாவிட்டால் திட்டுத் திட்டாகத் திரிந்துவிடும். சோதனை முடியாத பாட்டில்கள் கீழ்த்தட்டில், முடிந்தவை மேல்தட்டில்.

"தட்டு மாறிடுச்சுன்னா?" என்றேன்.

"என் வேலை போவும். அவங்க உயிர் போவும்," என்றார்.

மாலையில் மாப்பிள்ளையும் கமலம்மாவும் வந்தார்கள். விஷயம் கேட்டதும் கமலம்மா கதவுக்குக் குறுக்கே நின்றுவிட்டாள். "ரத்தத்தை எடுத்துட்டா ஆம்பளைக்கு இன்னா மிச்சம் இருக்கும்?" மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே, "எல்லைக்கு உயிரையே குடுப்பேன்னு மேடையில சொல்லிக்கினு திரியறவன்ம்மா நானு. ஒரு பாட்டிலுக்குப் பயந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"இத யாருக்கு ஏத்துவாங்க?" என்றாள் கமலம்மா. யாருக்கோ போகும் என்று சொன்னால் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடுவாள். யசோதாவுக்குத்தான் என்றேன். சேருமா என்றாள். "ஜாதகம் பாக்கற மாதிரிதான் சம்பந்தியம்மா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்துவாங்க," என்றேன். அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. நல்ல உதாரணம் என்று எனக்கே ஒரு திருப்தி.

25-11-1959

சின்னசாமியின் பாட்டில் மேல்தட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையுடையது போகவில்லை. கழுத்தில் சிவப்பு நூல் கட்டி ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறது. நாகபூஷணத்தைக் கேட்டேன். "வேற ஒருத்தர் இருந்தா அனுப்புங்க பந்துலம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாய் கழுவப் போய்விட்டார்.

கமலம்மா விடுவாளா? வராந்தாவில் நாலு பேர் எதிரில், "எம் புள்ள பாட்டில ஏன் ஏத்தலை?" என்றாள்.

"சேரலை போல இருக்குது," என்றேன். வாயில் வந்தது அது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். யசோதாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

26-11-1959

கணக்கு இடிக்கிறது. எந்த வகையானாலும் சரி என்றுதானே டாக்டரம்மா சொன்னார்? சின்னசாமியின் ரத்தமும் யசோதாவின் வகை இல்லை. அதை வாங்கி மேல்தட்டில் வைத்துக்கொண்டார்களே. அப்படியானால் மாப்பிள்ளையுடையதை ஒதுக்கியது சேராததால் அல்ல. மிச்சம் இருப்பது நோய்ச் சோதனை ஒன்றுதான்.

டாக்டரம்மாவிடம் போய் இதை அப்படியே சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மேகநோய். சிபிலிஸ் என்று இங்கிலீஷிலும் சொன்னார்.

ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றார். மலேரியா வந்த உடம்புகூடச் சில சமயம் அப்படிக் காட்டுமாம். திரும்பப் பார்க்க வேண்டும். யசோதாவுடையதையும் பார்க்க வேண்டும். "இதுக்கு முன்னாடி குழந்தைங்க எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். ஆறாம் மாதம். நிறைமாதம். பத்து நாள் பையன், அவன் மூக்கு, அவன் உள்ளங்கால். நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார், சரியாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு நான் தலையாட்டுவேனே, அந்த மாதிரி.

27-11-1959

நாகர் கல்லுக்குப் பால் ஊத்தினாளே என் பொண்ணு. ஈரப் புடவையோட. புரட்டாசி வெயிலோ ஐப்பசி மழையோ, ஊத்துன்னா ஊத்தினாளே—

29-11-1959

யசோதாவுடையதும் அதே. இரண்டு தரம் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் குழாயில் மிச்சம் இருந்ததையும் திரும்பப் பார்த்துவிட்டார்கள்.

பென்சிலின் ஊசி, தினம் ஒன்று. குணமாகிவிடும், அடுத்த குழந்தை தங்கும் என்கிறார். ஆனால் புருஷனும் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குத் திரும்பவும் வரும்.

நாகபூஷணம் இன்று அவராகவே வந்து பேசினார். அந்தக் கிருமி குளிர்ப்பெட்டியில் சில நாளிலேயே செத்துவிடுமாம். இருந்தாலும் அந்தப் பாட்டிலை யாருக்கும் ஏற்ற மாட்டார்கள், கொட்டிவிட்டார்களாம். முகம் தெரியாத ஒருவருக்கு இத்தனை காவல். என் பெண்ணுக்கு எட்டு வருஷமாக ஒரு காவலும் இல்லை.

பலத்துக்கு ஊசி என்று யசோதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

2-12-1959

மாப்பிள்ளை வந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடைக்குப் பின்னால் வைத்துச் சொன்னேன். பிள்ளை பரீட்சையில் தேறவில்லை என்று எத்தனையோ தகப்பன்மார்களிடம் சொல்லியிருக்கிறேன். அதே குரலில்தான் சொன்னேன். குற்றம் சொல்லவில்லை. கிணற்றில் எலி விழுந்து கிடக்கும்போது தண்ணீரை மட்டும் இறைத்தால் போதுமா, எலியை எடுக்க வேண்டாமா என்று உதாரணம் வேறு.

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"உங்க பொண்ணுக்கும் இருக்குதுன்றீங்க."

"ஆமா."

"அது அவளுக்கு எங்கேருந்து வந்துதுன்னு நான் கேக்கலாமா, அத்தே?"

"காணிப்பாக்கம் வாங்க," என்றேன். "குளத்துல முழுகிட்டு வந்து வரசித்தி விநாயகர் எதிர்ல நின்னுக்கினு இதையே கேளுங்க." பொய்ச் சத்தியம் செய்தால் அங்கே தப்ப முடியாது என்று இந்தச் சீமையே நம்புகிறது. அவனும் நம்புகிறான்; கண்ணில் தெரிந்தது. போகிறபோது மெல்லச் சொன்னான்: "நீங்க ஒரு வார்த்தை வெளியே விட்டா நானும் ஒரு வார்த்தை விடுவேன். ஊர்ல எது நிக்குதுன்னு பாப்போம்."

எது நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

15-12-1959, புத்தூர்

ஊசி முடிந்து வீடு வந்து சேர்ந்தோம்.

சின்னசாமி நகரி சந்தைக்குப் போனவன் கறுத்த முகத்தோடு திரும்பினான். புருஷன் ரத்தமே யசோதாவுக்குச் சேரவில்லையாம், அதை ஆஸ்பத்திரியிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம், நாலு பிள்ளை போனது அதனால்தானாம். கமலம்மா வீடு வீடாகச் சொல்லியிருக்கிறாள். "ஜாதகத்துல தப்பிச்சிக்கினா, ரத்தத்துல மாட்டிக்கினா" என்கிறாளாம்.

என் உதாரணம். நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன். அது இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எது என்று சொல்ல வேண்டும்.

இரவு சாப்பிட்டு முடித்த பிறகு யசோதா கேட்டாள். "அம்மா, பலத்துக்கு ஊசி போடறவங்க, உன் வூட்டுக்காரர் எப்ப வருவார், எப்ப வருவார்னு தெனம் ஏன் கேட்டாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டீக்கடையில் கேட்டதைத் தவிர. அழவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ நா இல்லியா," என்றாள்.

இன்னொரு தரம்: "நா இல்ல."

8-1-1960

கமலம்மா வெற்றிலை பாக்கோடு வந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை, அவளே உட்கார்ந்தாள்.

"உம் பொண்ண தள்ளி வெக்கறேன்னு யாரும் சொல்லலை. மூத்தவளா இருந்துக்கினு துன்னுக்கினு கெடக்கட்டும். வரதய்யபாளையத்துல எங்கண்ணன் வேதாச்சலம் பொண்ணு தாட்சாயணி இருக்குறா. ரெண்டாங் கல்யாணத்துக்குச் சட்டம் எடம் குடுக்காதாமே. யசோதா சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, வெளியே தெரியாம கோயில்ல முடிச்சுக்கலாம்."

உள்ளிருந்து யசோதா கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு இன்னா வயசு அத்தே?"

"பதினேழு. நல்லா ஓங்குதாங்கா இருப்பா."

கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கமலம்மா போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவளுக்கும் இதே தானேம்மா நடக்கும்?" என்றாள். ஆமாம் என்றேன்.

12-1-1960

வரதய்யபாளையம் போய் வந்தேன்.

என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஏறும்போதும் தெரியாது, இறங்கும்போதும் தெரியாது. உண்மையைச் சொன்னால் கோவர்த்தனன் தன் வார்த்தையை விடுவான். என் பெண் தெருவில் நடக்க முடியாது. சொல்லாமல் விட்டால் ஒரு குழந்தைப் பெண்.

வேதாச்சலம் பெரிய குடித்தனக்காரர். மோர் கொடுக்கச் சொன்னார். "சக்களத்தியோட ஆயி பொண்ணு வூட்டைப் பாக்க வந்தது எங்க ஊர்ல நீங்கதான் மொதல்ல," என்றார். கிண்டல்தான், ஆனால் முகத்தில் விஷம் இல்லை. வாசலில் அந்தப் பெண் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். கொலுசு போட்ட கால்.

"ஜாதகம் பாத்தீங்களா?" என்றேன்.

"ஒருத்தர் ரெண்டு பேர் இல்லம்மா. சத்தியவேட்டுல, காளஹஸ்தியில, திருவள்ளூர்ல. மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னப்புறம்தான் ஒத்துக்கினேன்."

"உங்க தங்கச்சி சொல்றது மெய்னே வச்சுக்குங்க. அவர் ரத்தம் சேராம என் பொண்ணு நாலு புள்ளைய இழந்துட்டா. உங்க பொண்ணுக்குச் சேருமான்னு யார் பாத்தாங்க?"

வெற்றிலை மெல்லுவது நின்றது.

"அதைப் பாக்க முடியுமா?"

"திருப்பதியில ஒரே நாள் வேலை. ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போங்க."

அங்கே பார்த்தால் நோயும் தானே தெரிந்துவிடும், என் வாயால் சொல்ல வேண்டியதில்லை. பொய் சொல்லாதே என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். இன்றைக்கு ஒரு பொய்யைத் துடைத்துப் பளபளப்பாக்கி ஒரு தகப்பன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மோரையும் குடித்தேன்.

30-1-1960

வேதாச்சலம் புத்தூர் சந்தைக்கு வந்தவர் இங்கேயும் வந்தார். "திருப்பதி வாடா மாப்பிளேன்னா வரமாட்டேன்றான். மொதல்ல கமிட்டி மீட்டிங்னான். அப்புறம் காய்ச்சல்னான். நேத்து என் தங்கச்சி வந்து, ரத்தம் பாக்கறது சாமிக்கு ஆகாதுன்றா. பொண்டாட்டிக்குப் பாத்தப்போ ஆச்சு, இப்போ ஆகலியா?"

கல்யாணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

எழுந்தவர் உடனே போகவில்லை. "டீச்சரம்மா, நான் உங்கள ஒண்ணும் கேக்கலை. நீங்களும் எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

9-2-1960

கோவர்த்தனன் யசோதாவைக் கூட்டிப்போக வந்து முற்றத்தில் நின்றான். இளைத்திருந்தான். மாமன் பெண் கொடுக்க மறுத்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று கமிட்டியில்கூடக் கேட்கிறார்களாம். நான் எழுந்தேன். யசோதா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவளே பேசினாள்.

"திருப்பதிக்கு வந்து எல்லா ஊசியும் போட்டுக்கணும். நா வெளியே பெஞ்சில உக்காந்திருப்பேன். அப்புறம் மாசக்கணக்கா ஆனாலும் சரி, திரும்ப ரத்தம் பாக்கணும். போதும்னு டாக்டரம்மா வாயால நா கேக்கணும். அப்புறம்தான் அங்க வருவேன்."

"சரி."

"மதராசுக்குப் போறதும் நிக்கணும்."

"சரி. அம்மா கிட்ட மட்டும்—"

"உங்கம்மா கிட்ட நா ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

அவன் போன பிறகு நான் கத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் இப்படிக் கத்தியதில்லை. ஊர்ல உன்னப் பத்தி இன்னா பேசறாங்க தெரியுமா, ஒரு வார்த்தை, தப்பு என்னுதுன்னு ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலேருந்து வர வேணாமா, நாலு புள்ளடி, நாலு—

"உனக்கு நாயம் வேணும்மா," என்றாள். "எனக்குப் புள்ள வேணும்."



1-4-1960

இன்றைக்குப் பள்ளிப்பட்டு மதராஸோடு சேர்ந்தது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டார்களாம். புத்தூர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாயங்காலம் யசோதாவுக்குத் தலை பின்னிவிட்டேன்.

22-8-1960

டாக்டரம்மா போதும் என்று சொல்லி ஒரு வாரம் ஆகிறது. இன்று மாப்பிள்ளை வந்து கூட்டிப் போனார். பஸ் கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

19-11-1961

பேத்திக்குப் பெயர் வைத்தார்கள். பள்ளிப்பட்டு போய் வந்தேன். மூன்று மாதக் குழந்தை. நன்றாகப் பால் குடிக்கிறது. அதன் ரத்தத்தையும் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை.

பந்தி முடிந்து பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கமலம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஆஸ்பத்திரியில வேற யாரோ ரெண்டு பேர் ரத்தம் இவ ஒடம்புக்குள்ள போச்சு பாருங்க, அதுலதான் இவ தோஷம் கழுவிக்கினு போச்சு. அப்புறம்தான் எம் புள்ளைக்குச் சேந்துச்சு." பெண்கள் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை தாம்பூலத் தட்டோடு அந்தப் பக்கமாக வந்தவர், ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே போனார். எனக்கும் கொடுத்தார்.

யசோதாவைப் பார்த்தேன். "ஆமா அத்தே," என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் துணியைச் சரி செய்தாள்.

நான் வாங்கிய வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெருமுனை வரைக்கும் குழந்தையோடு வந்தாள். கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த டிரங்குப் பெட்டி இன்னும் என் வீட்டிலேயே இருக்கிறது, அதில் அவள் நல்ல புடவைகளும் நகையும்கூட இருக்கின்றன. சின்னசாமியிடம் கொடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"அது அங்கயே இருக்கட்டும்மா," என்றாள்.